பையன் சட்டைப் பையில் பீடித் துண்டு: அடிக்கவா, பேசவா?

கேள்வி, 18 ஜூன் 2024

வீடு ஆரியங்காவு, எல்லைக்குக் கேரளப் பக்கம். பையன் பத்தாம் வகுப்பு, எல்லை தாண்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறான். போன வாரம் துவைக்க எடுத்த யூனிஃபார்ம் சட்டைப் பையில் அணைத்த பீடித் துண்டு ஒன்றும் இரண்டு ஹால்ஸ் மிட்டாய்த் தாளும் இருந்தன. கேட்டால் பிரெண்டுடையது என்கிறான். அவன் அப்பாவிடம் சொன்னால் தோலை உரித்துவிடுவார், அவரே ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர். பள்ளியில் சொன்னால் டீசியைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். பசங்க எதுக்காக இதை ஆரம்பிக்கிறாங்க? பள்ளிக்கூடத்தால் ஏதாவது தடுக்க முடியுமா, இல்லை எல்லாம் நம்ம தலையெழுத்தா?

18 ஜூன், இரவு

அந்தத் துண்டை எடுத்து மறுபடி அவன் மூஞ்சிக்கு முன்னால் ஆட்டாதீங்க. பிரெண்டுடையது என்று சொன்னது பாதி உண்மையாகத்தான் இருக்கும். செங்கோட்டைப் பக்கம் பள்ளிகளில் 22 வருடமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன், முதல் பீடியைக் காசு கொடுத்து வாங்கிய பையன் ஒருத்தனைக்கூடப் பார்த்ததில்லை. யாரோ நீட்டுவான், இவன் வாங்குவான். நீட்டுகிறவன் ஒன்றிரண்டு வயது மூத்தவனாக இருப்பான், அவன் பக்கத்தில் உட்காருவதே இவனுக்குப் பெரிய விஷயமாக இருக்கும். வேண்டாம் என்று சொன்னால் நாளையிலிருந்து அவன் உட்காருகிற திண்டில் இவனுக்கு இடம் கிடையாது. அந்த நேரத்தில் அவன் தலையில் புகையிலையும் இல்லை, புற்றுநோயும் இல்லை.

டீசி பற்றி அப்புறம் எழுதுகிறேன். அதில் எனக்கே ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

19 ஜூன்

டீசிக்கு முன்னால் என் கதை. அம்மா பீடி சுற்றியவர். கடையம் பக்கம் எங்கள் தெருவில் எந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலும் மடியில் சுளவோடு, அதாவது முறத்தோடு, ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, தகர அளவு வைத்து வெட்டி, தூளைப் போட்டு உருட்டி, நூல் சுற்றி வீசும்போது அம்மாவின் விரல்கள் மட்டும் தனியாக ஓடும், வாய் பக்கத்து வீட்டு அத்தையோடு பேசிக்கொண்டிருக்கும். முனை மடக்குவது பிள்ளைகள் வேலை. நானும் அக்காவும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதற்குத்தான் உட்காருவோம். சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் 25, 25ஆகக் கட்டியதைப் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துப் போடுவார்கள்.

அப்படிக் கழித்த பீடிதான் என் முதல் பீடி. எட்டாம் வகுப்பு, வாய்க்கால் பாலத்துக்குக் கீழே, மூன்று பேர். ஒரே இழுப்பில் இருமல் பிடித்துக் கண் கலங்கி, மத்தியானம் சாப்பிட்ட சத்துணவு மொத்தமும் தண்ணீரோடு போனது. முதல் பீடி யாருக்குமே பிடிப்பதில்லை. அப்புறம் மறுநாளும் அதே பாலத்துக்கு ஏன் போனேன் என்றால், அந்த மூன்று பேரில் பெரியவன் என் முதுகைத் தடவி "பழகிரும்லே" என்றான். அதுவரை அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

கொஞ்ச நாளில் பாலமும் வேண்டாம், அவனும் வேண்டாம், பீடி மட்டும் போதும் என்றாகிவிட்டது. புகையை இழுத்த பத்து இருபது விநாடியில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையும், குறையக் குறைய எரிச்சல் வரும், பாடத்தில் மனசு நிற்காது. இன்னொன்று பற்றவைத்தால் அடங்கும். பையன் என்ன நினைப்பான், பீடி டென்ஷனைக் குறைக்கிறது என்று நினைப்பான். வட்டி கட்ட வழியில்லாதவனுக்கு வட்டிக்காரனே கைமாத்து கொடுத்த மாதிரி கதை.

நான் பிளஸ் டூவில் விட்டேன். வைராக்கியம் எல்லாம் இல்லை. கபடியில் எதிர்ப்பக்கம் ஏறிப்போனால் பாதியிலேயே மூச்சு முட்டியது, கேப்டன் என்னை வெளியே உட்கார வைத்தான்.

23 ஜூன்

தென்காசியில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் நண்பர் "இந்தக் காலத்துப் பசங்க எங்க சார் பீடி குடிக்கிறாங்க, எல்லாம் சிகரெட், உதட்டுக்குள்ள வைக்கிற பொட்டலம், வேப்" என்கிறார். பாதி சரி. எங்கள் பக்கம் காசில்லாதவனுக்கு இன்னும் பீடிதான், வீட்டிலேயே கிடைக்கிறது. பொட்டலம் விஷயம் முழுக்கச் சரி. புகை இல்லை, வாசனை குறைவு, வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தே உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிறார்கள், கண்டுபிடிக்க முடிவதில்லை. வேப், அதாவது எலெக்ட்ரானிக் சிகரெட், 2019-லேயே நாடு முழுக்கத் தடை, ஆனாலும் கையில் வருகிறது, பேனா மாதிரி இருந்த ஒன்றை நானே பேனா என்று நினைத்து மேஜையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

"பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேச மாட்டீங்களே" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். 2019-ல் மத்திய அரசு 13 முதல் 15 வயது வரை உள்ள மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு எட்டரைப் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலையைத் தொடுகிறார்கள். ஆண் பிள்ளைகள் 9.6, பெண் பிள்ளைகள் 7.4. நானும் பையன் பையன் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன், பழக்கதோஷம்.

அதே கணக்கில் என்னைத் தூக்கிப்போட்ட எண் வேறு. பீடி குடித்த பிள்ளைகளில் 47 சதவீதமும், சிகரெட் குடித்தவர்களில் 38 சதவீதமும் பத்து வயது முடிவதற்குள் ஆரம்பித்தவர்கள். அதாவது நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் போர்டு வைத்து, பேனர் கட்டி விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறோம். ரயில் போனபிறகு கேட்டைச் சாத்துகிற வேலை.

2 ஜூலை

சட்டம் இருக்கிறதே, கடையைப் பிடிக்க வேண்டியதுதானே என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. 2003-ஆம் வருடச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக்கூடாது, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கிற கடையே இருக்கக்கூடாது. சரி என்று நானும் பி.டி. சாரும் சனிக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கேட்டிலிருந்து ரோட்டோரமாக, வேப்பமரம் தாண்டி, கல்வெர்ட் தாண்டி அண்ணாச்சியின் பெட்டிக்கடை வாசல் வரை. அண்ணாச்சியே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். 112 கஜம். "பார்த்தீங்களா சார், நான் சட்டத்துக்கு உட்பட்டவன்" என்று ஆளுக்கு ஒரு சர்பத் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம்.

கடைத் தூணில் சணல் கயிறு ஒன்று தொங்கும், நுனியில் எப்போதும் கனல். நான் சின்ன வயதில் பார்த்த அதே கயிறு. தீப்பெட்டி வாங்கத் தேவையில்லை, ஒற்றை சிகரெட் வாங்கி அங்கேயே குனிந்து பற்றவைத்துக்கொள்ளலாம். அதன் உயரத்தைப் பார்த்தேன். பெரியவர்கள்தான் குனிய வேண்டும். ஏழாம் வகுப்புப் பையனுக்கு நின்ற வாக்கில் வாய்க்கு நேராக வரும்.

4 ஜூலை

திருத்தம். புனலூரிலிருந்து எழுதும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் எங்களை நன்றாக வாரியிருக்கிறார். நூறு கஜத்தை ரோட்டு வழியாக அளக்கக்கூடாதாம், பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில், எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும் என்பதுதான் விதி. காக்கா பறக்கிற தூரம். மைதானத்தின் பின்பக்கச் சுவரிலிருந்து மறுபடி அளந்தோம், 70 கஜம்கூட இல்லை. சர்பத்துக்கு என்ன செய்வது என்று பி.டி. சார் கேட்கிறார்.

இன்னொன்றும் அவர் சொன்னார். அந்தச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதான், கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவார். ஆனால் 2015-ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில், குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதை அண்ணாச்சியிடம் மிரட்டலாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னேன். ஏழு வருடமா என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் போனால் கயிறு இல்லை. கடை அங்கேயேதான் இருக்கிறது.

14 ஜூலை

டீசி. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2009-ல் வேறு ஒரு பள்ளி, இந்தப் பக்கம்தான், பெயர் வேண்டாம். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனைக் கழிப்பறையில் சிகரெட்டோடு பிடித்தேன். நான்தான் பிடித்தேன், நான்தான் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது மூன்றாவது தடவை. அவன் அப்பா தென்மலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர், வேலை முடிந்த கையோடு வந்திருந்தார், சட்டையில் பால் காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. கை கட்டி நின்றார். மற்ற பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று நான் பேசினேன், நன்றாகவே பேசினேன் என்று அப்போது எனக்கே திருப்தி. பெற்றோர் விருப்பத்தின் பேரில் என்று எழுதி வாங்கிக்கொண்டு டீசி கொடுத்தார்கள். அந்த "விருப்பம்" எப்படி வாங்கப்படும் என்று வாத்தியார் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் அவன் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. எல்லையில் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற புளியரை செக்போஸ்ட்டில் லாரி கிளீனராகப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அவனைப் பெரும்பாலும் சிகரெட் குடிக்காமல் வைத்திருந்த ஒரே இடம் பள்ளிக்கூடம், அதிலிருந்து அவனை வெளியே அனுப்பினோம். எங்கே அனுப்பினோம்? இருபத்துநாலு மணி நேரமும் புகைக்கிற ஆட்களோடு. மற்ற பிள்ளைகள் கெட்டுப்போகவில்லையா என்றால், அடுத்த மாதமே அதே கழிப்பறையில் அதே வாசனை.

ஆரியங்காவு அம்மாவுக்கு: உங்கள் பள்ளியில் என்ன செய்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தலைமையாசிரியரிடம் போவதற்கு முன்னால் அவன் வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். அவனுக்குப் பிடித்த ஆசிரியர் வேறு யாராவது இருந்தால் அவரிடம்.

15 ஜூலை

"நீங்க குடிச்ச கதையை உங்க பசங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா சார்?"

சொல்லியிருக்கிறேன். வாந்தி வரைக்கும்.

11 ஆகஸ்ட்

குற்றாலத்தில் சாரல், எங்கள் பக்கமும் ஒரே நசநசப்பு, மைதானம் சேறு. ஓய்வு நேரம் நிறைய, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரல் படம், வாய்ப்புற்று படம் காட்டினால் பயந்துவிடுவார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பத்து வருடம் நானும் அதைத்தான் செய்தேன். கறுப்பு நுரையீரல் படம் வந்தால் வகுப்பே "ஐயோ" என்னும், கடைசி பெஞ்சில் ஒருத்தன் தியேட்டரில் வரும் முகேஷ் விளம்பரக் குரலில் பேசிக்காட்டுவான், மொத்த வகுப்பும் சிரிக்கும். முகேஷ் நிஜமாகவே குட்காவால் 24 வயதில் செத்துப்போன பையன் என்று ஒரு தடவை சொன்னேன், அன்றைக்கு மட்டும் சத்தமில்லை, அடுத்த வாரம் மறுபடி அதே குரல். அவர்களைக் குறை சொல்லவில்லை. பதினைந்து வயதுக்காரனுக்கு நாற்பது வயது என்பது அடுத்த ஜென்மம்.

பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் 2016-லிருந்து கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் பையன் எவன் பாக்கெட் வாங்குகிறான்? ஒற்றையாக வாங்குகிறான். படம் கடைக்காரர் கண்ணுக்குத்தான்.

உறுதிமொழி இன்னும் வேடிக்கை. உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் மே 31. எங்களுக்குக் கோடை விடுமுறை. பள்ளி திறந்தபிறகு ஒரு நாள் பிரேயரில் கையை நீட்டி வாசிக்க வைப்போம், போட்டோ எடுத்து அனுப்புவோம், முடிந்தது. மஞ்சள் கோடும் அப்படித்தான். பள்ளியைச் சுற்றி நூறு கஜத்தில் கோடு போடச் சொல்லி மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது, போட்டால் மதிப்பெண் உண்டு. எங்கள் கோட்டை இரண்டு மழை கொண்டுபோய்விட்டது.

எது கொஞ்சமாவது காதில் ஏறியது என்றால் பக்கத்தில் இருக்கிற விஷயம். வாய் நாற்றம். வாலிபாலில் மூன்றாவது செட்டில் வருகிற இளைப்பு. ஒற்றை சிகரெட் பதினைந்து ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வைத்து மாதத்துக்கு 900 ரூபாய் என்று போர்டில் கணக்குப் போட்டேன், கடைசி பெஞ்ச்காரன் எழுந்து "சார், வருஷத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் போன்" என்றான். பத்து வருடத்தில் என் பாடத்திலிருந்து ஒருத்தன் தானாக எழுந்து பேசியது அன்றைக்குத்தான்.

12 ஆகஸ்ட்

பேச்சு எங்கேயோ போகிறது, போகட்டும். கேரளா நல்லா, தமிழ்நாடு மோசமா என்ற சண்டையை யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். 2016-17 கணக்குப்படி பெரியவர்களில் புகையிலை பழகியவர்கள் தமிழ்நாட்டில் 20 சதவீதம், கேரளாவில் 12.7. பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலையிலேயே தீர்ப்பு சொன்னது. சொன்ன அமர்வில் இருந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தமிழ்நாட்டுக்காரர், இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் சமாதானமாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அப்போது செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற பஸ்ஸில் கேரள எல்லையான கோட்டைவாசல் நெருங்கும்போது கண்டக்டர் குரல் கொடுப்பார், "பீடி வலிக்கிறவங்க எல்லாம் போட்டுருங்க, அந்தப் பக்கம் போலீஸ்." ஜன்னல் வழியாக ஏழெட்டு கனல் துண்டு ஒரே நேரத்தில் எஸ் வளைவில் பறக்கும். திரும்பி வரும்போது புளியரை தாண்டியதும் தீப்பெட்டிச் சத்தம். சட்டம் மனுஷனை மாற்றவில்லை என்று இதைச் சிரிப்புக்கதையாகத்தான் இத்தனை வருடம் சொல்லிவந்தேன். இப்போது எழுதும்போது தோன்றுகிறது, அந்த ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் இருந்த குழந்தைகள் யாரும் பீடியைப் பார்க்கவில்லை. அது சின்ன விஷயம் இல்லை.

8 செப்டம்பர்

பஸ் என்றதும் வேறு ஒன்று தட்டியது, ஒரு வாரமாகக் கவனித்தேன். எங்களுக்கு 4.20-க்கு பெல். மலையேறுகிற பஸ் 5.15-க்கு. அந்த 55 நிமிடம்தான் எல்லாமே. பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் பழைய சுங்கக் கட்டடத் திண்டில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருகிறார்கள், வேலையில்லாத பழைய மாணவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், ஒன்று பற்றவைத்தால் நாலு பேர் கை மாறுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். மாட்டுவது தூரத்துப் பிள்ளைகள். ஆரியங்காவு அம்மா, உங்கள் பையனும் அந்த மாதிரி ஏதாவது ஒரு ஸ்டாப்பில் காத்திருப்பவன்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டமும் பேனரும் இல்லாமல் பி.டி. சார் ஒரு வாலிபால் வலையைக் கட்டினார். 5.05 வரை விளையாட்டு, அப்புறம் பஸ். திண்டில் இப்போது நாலைந்து பேர்தான்.

வெளிநாட்டில் இதற்கெல்லாம் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களே என்று கேட்டவருக்கு: நிறைய. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்களில் மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வருடாவருடம் புகையிலைப் பாடம் நடத்திப் பார்த்தார்கள், 2000-ல் முடிவு வந்தது, பாடம் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. படித்ததும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நம்ம சென்னையிலும் டெல்லியிலும் சேர்த்து 32 பள்ளிகளில் 2004-லிருந்து 2006 வரை இன்னொரு முயற்சி நடந்தது. அதில் வாத்தியார் பேச்சு குறைவு, பிள்ளைகளே பிள்ளைகளுக்கு நடத்தினார்கள், வீட்டுக்கும் விஷயம் போனது. அது வேலை செய்தது. ஆரம்பத்தில் கணக்கெடுத்தபோது எட்டாம் வகுப்பைவிட ஆறாம் வகுப்பில்தான் புகையிலை அதிகமாக இருந்ததாம். நான் ஜூனில் சொன்ன ரயில், கேட் கதைதான் மறுபடி.

எனக்கு ரொம்பப் பிடித்தது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் செய்தது, 2008-ல் வெளிவந்தது. 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் "உங்க வகுப்பில் யார் பேச்சுக்கு மதிப்பு?" என்று கேட்டு, பேர் அதிகம் வந்தவர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, மேடை ஏற்றாமல் சும்மா நண்பர்களோடு பேசவிட்டார்கள். தேர்ந்தெடுத்தது வாத்தியார் இல்லை. அதுதான் விஷயம்.

3 அக்டோபர்

செய்து பார்த்தோம். எட்டாம் வகுப்பில் துண்டுச் சீட்டு, பெயர் எழுதாமல். வகுப்புத் தலைவி பெயர் வரும், முதல் ரேங்க் பையன் பெயர் வரும் என்று நான் பந்தயம் கட்டியிருந்தேன். வகுப்புத் தலைவிக்கு இரண்டு சீட்டு. முதல் ரேங்க்குக்கு ஒன்று, அதுவும் அவன் கையெழுத்து மாதிரியே இருந்தது. அதிகம் வந்தது ஒரு வாயாடிப் பெண் பிள்ளைக்கும், பத்து நாளைக்கு ஒரு தடவை லீவு போட்டு அப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கப் போகிற பையனுக்கும், திண்டில் உட்காருகிற ஒருத்தனுக்கும்.

திண்டுக்காரனைச் சேர்ப்பதா என்று ஆசிரியர் அறையில் பெரிய சண்டை. நானும் முதலில் வேண்டாம் என்றேன். "பத்து வருஷம் படம் காட்டினீங்களே சார், அவன் ஒரு தடவை வேண்டாம்னு சொன்னா போதாதா?" என்றது ஆங்கிலம் எடுக்கிற டீச்சர், வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சேர்த்தோம். பெரிய பயிற்சி எல்லாம் இல்லை, யாராவது நீட்டினால் மானம் போகாமல் எப்படிக் கழன்றுகொள்வது என்று நாடகம் மாதிரிப் போட்டுப் பார்த்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த வசனம் "வேண்டாம், உடம்புக்குக் கெடுதல்." வாயாடி விழுந்து விழுந்து சிரித்தது. அவர்களே கண்டுபிடித்தது: "எங்கம்மா மோப்ப நாய்டே, இப்போ வேண்டாம்." கோழை என்ற பெயரும் வராது, பழியும் அம்மா மேல்.

பலன் என்ன என்று கேட்காதீர்கள், ஒரு மாதத்தில் அளக்க என்னிடம் நாடா இல்லை.

20 அக்டோபர்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். போன வாரம் ஏழாம் வகுப்பில் புகையிலை விஷம், அதைத் தொடுகிறவன் முட்டாள் என்கிற ரீதியில் வெளியிலிருந்து வந்தவர் ஒருவர் பேசினார். முன் வரிசையில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே இருந்தது. அப்புறம் கேட்டால், "எங்க அம்மாவும் பாட்டியும் பீடிதான் சார் சுத்துறாங்க."

அந்தப் பிள்ளைக்குப் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை வருகிறது. நானும் அதில் படித்தவன். என் நோட்டுப் புத்தகம், என் டீச்சர் டிரெய்னிங், எல்லாம் அந்தச் சுளவிலிருந்து வந்தவை. அம்மா கடைசி வரை பீடி குடித்ததில்லை, ஆனால் நாள் முழுக்கத் தூளில் கை வைத்து வைத்து, ராத்திரி தலைசுற்றல் என்று படுப்பார். இந்த வட்டாரத்தில் புகையிலைக்கு எதிராகப் பேசுகிறவன் முதலில் அந்தத் திண்ணையைப் பார்த்துப் பேச வேண்டும். மறுநாள் வகுப்பில் சொன்னேன், சுற்றுகிறவர் மேல் தப்பு இல்லை, உங்கள் அம்மா கூலிக்குச் செய்கிறார், என் அம்மாவும் செய்தார், நீங்கள் குடிக்காமல் இருந்தால் போதும். சரியாகச் சொன்னேனா தெரியாது. அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

17 நவம்பர்

2009 பையனைப் பார்த்தேன். பையன் என்ன, முப்பத்திரண்டு வயது ஆள், சொந்த மினி லாரி, ஆரியங்காவுக்குத் தக்காளி ஏற்றுகிறான். புளியரையில் டீக்கடை வாசலில் நின்றவன் என்னைப் பார்த்ததும் வலது கையைப் பின்னால் கொண்டுபோனான். "நல்லாயிருக்கீங்களா சார்?" அம்மா, வீடு, பிள்ளைகள் என்று ஐந்து நிமிடம் பேசினோம், அவன் தோளுக்குப் பின்னாலிருந்து நூல் மாதிரிப் புகை ஏறிக்கொண்டே இருந்தது. விரலைச் சுட்டிருக்க வேண்டும், ஒரு தடவை முகம் சுளித்தான், கையை மட்டும் முன்னால் கொண்டுவரவில்லை. நான்தான் சீக்கிரம் கிளம்பினேன்.

டீசி பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மகன் இரண்டாம் வகுப்பாம், எங்கள் பள்ளியில்தான் சேர்க்க வேண்டுமாம்.

18 ஜனவரி 2025

ஆரியங்காவு அம்மா ஏழு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். பையன் நவம்பரிலிருந்து தொடவில்லையாம், பொங்கல் லீவில் சொந்தக்காரப் பையனோடு ஒன்று குடித்தானாம், அவனே வந்து சொன்னானாம், "திட்டவா வேண்டாமா?" என்று கேட்கிறார்.

திட்ட வேண்டாம். ஜூனில் பிரெண்டுடையது என்றவன் ஜனவரியில் என்னுடையது என்கிறான். விடுகிறவர்கள் ஒரே தடவையில் விடுவதில்லை, நானும் மூன்று தடவை விட்டேன். விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் எரிச்சல் உச்சத்தில் இருக்கும், அந்த நாட்களில் சோறு குழைந்துவிட்டது என்று கத்தினால்கூடக் கண்டுகொள்ளாதீங்க. 1800-11-2356 என்று இலவச எண் ஒன்று இருக்கிறது, புகையிலையை விட உதவி செய்வார்கள், தென்னிந்திய மொழிகளுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸில் பேசுகிறார்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும், ஒற்றையாக வாங்குகிறவனுக்குத்தான் தெரியாது. எண்ணை அவன் அப்பாவிடமும் கொடுங்கள் என்று எழுதப் போனேன், அதற்குள் அவரே அடுத்த வரியில் சொல்லிவிட்டார், அப்பா இப்போது வீட்டுக்குள் குடிப்பதில்லையாம், பின்பக்கம் பலாமரத்தடியில் போய் நிற்கிறாராம். மழை வந்தாலும் அங்கேதானாம், குடையோடு.

அண்ணாச்சி கடையில் கயிறு மறுபடி தொங்குகிறது, இந்தத் தடவை கொஞ்சம் உயரத்தில். திங்கட்கிழமை பி.டி. சாரும் நானும் போகிறோம். சர்பத் குடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.